"பத்து வருசமா நிக்குதுங்க சேர்"

போன கிழமை மட்டும் மூன்று வீடு பார்த்தேன். மூன்றாவது, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். அடுப்படிக்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண். அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். மேல் விளிம்பில் நாலைந்து வாழை, அதன் காலடியில் துணி துவைக்கிற கல். நான் வாயைத் திறக்கும் முன்பே வீட்டுக்காரர் சொன்னார்: "பத்து வருசமா நிக்குதுங்க சேர். ஒரு பிடி மண்ணு விழல."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகும் இதே வசனம்.

நிற்கிறது, சரி. எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? நம் பக்கத்து மண்ணில் பெரும்பகுதி, பாறை இருந்த இடத்திலேயே உக்கி உண்டானது. வெயில் காலத்தில் அதன் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் துகளோடு துகளை இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீடும் இதே பிடியில்தான் நிற்கும். அலை ஏறினால் கரைந்துவிடும். இந்த இழுவைக்கு எங்கள் பொறியியல் தொழிலில் உறிஞ்சல் என்று பெயர். நிரந்தரமான சுவர், அத்திவாரக் கணக்கில் நான் இதைச் சேர்ப்பதே இல்லை, இருந்தால் லாபம். உங்கள் அடுப்படிக்குப் பின்னால் நிற்கும் மண்ணோ அந்த லாபத்தை மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"பத்து வருசமா மழை பெய்யலையா சேர்?" பெய்தது. ஒரு நாள் மழை மேலே ஓரடி, ஈரடியை நனைக்கும். பிறகு வெயிலும் வேரும் அதை வாங்கிக்கொள்ளும், பிடி திரும்பி வந்துவிடும். நாள் கணக்கில் விடாமல் பெய்து, மண் ஊறிக்கிடக்கும்போது மேலும் ஒரு கனமழை கொட்டினால்தான் ஈரம் ஆழத்துக்கு இறங்கும். அந்த மாதிரி மழை உங்கள் வீட்டுக்கு மேலே இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வருடம் போகப்போக மண் இறுகிவிடும் என்று மேசன் பாஸ் சொன்னாராம். இறுகாது. வெட்டிய மரத்தின் வேர் உக்கி உள்ளே குழாய் மாதிரி வழி விடும். துவைக்கிற கல்லடியில் தினமும் தண்ணீர் இறங்கும். பத்தாவது வருடத்து மண் முதல் வருடத்து மண்ணைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இதே மாதிரி ஓர் உறிஞ்சலை நம்பியே நடுக்கடலில் அத்திவாரம் போடுகிறார்கள் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய இரும்புக் கூடு. கடலடி மணலில் வைத்து உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பால் வெளியே எடுத்தால், வெளி அழுத்தமே அதை மணலுக்குள் இறக்கிவிடும். வட கடலில் டிராப்னர் எரிவாயு மேடைகளில் ஒன்று 1994இல் இப்படித்தான் நிறுத்தப்பட்டது. 1995 ஜனவரி 1ஆம் திகதி 25 மீற்றரைத் தாண்டிய அலை ஒன்று அங்கே பதிவானது, மேடை நின்றது. அலை பிடுங்கப் பார்க்கும்போது கூட்டுக்குள் தண்ணீர் புக நேரம் கிடைப்பதில்லை. அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து மணல் அதைக் கவ்விக்கொள்ளும். மெல்ல, நீண்ட நேரம் இழுத்தால் அந்தக் கவ்வல் இல்லை. மணல் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே வந்துவிடும். மிஞ்சுவது கூட்டின் எடையும் பக்கச் சுவரின் உராய்வும்தான். நிலையான இழுவைக்கு உறிஞ்சலை எண்ணாதே என்பது அங்கே பாலபாடம். அலை சில வினாடி. நம்ம மழை மூன்று நாள்.

"பதினாறு எம்எம் கம்பி போட்டிருக்கேன்" என்பவர்களுக்கு ஒரு வரி: சரிவே நகர்ந்தால் அத்திவாரமும் கம்பியும் சேர்ந்துதான் நகரும்.

அந்த வீட்டில் என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அடுப்படிக் கதவின் மேல் மூலையை அந்த வீட்டு அம்மா இரண்டு தடவை சீவிவித்திருக்கிறார். "மழைக்கு ஊதிக்கிச்சு தம்பி." ஊதிய கதவு நெடுக இறுகும், வெயிலில் தளரும். இது ஒரு மூலையில் மட்டும் இடித்தது. எதிர் மூலையில் என் சுண்டு விரல் போகிற இடைவெளி. கோணியிருந்தது நிலை. மேலே ஏறி வாழைச் சருகை விலக்கினேன். விளிம்பை ஒட்டி ஒரு வெடிப்பு. குடைக் கம்பி கைப்பிடி வரை இறங்கியது. சரிவு அசையத் தொடங்கிவிட்டது.

துவைக்கிற கல்லை இன்றைக்கே இடம் மாற்றுங்கள். கூரைத் தண்ணீரைப் பீலியில் பிடித்து, குழாய் வழியாக ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். சரிவுக்கு மேலே குழி வெட்டி விடாதீர்கள், மலசலகூடக் குழியும்தான். மேலே ஒரு கான் வெட்டி, கசியாமல் சீமெந்து பூசுங்கள். வெடிப்பைக் களிமண் போட்டு இடித்து மூடுங்கள். அது தற்காலிகம், வைத்தியம் அல்ல. வெட்டிய மண் முகத்துக்கு சீமெந்து பூசி அழகு பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரையே தள்ளும். அணைசுவர் கட்டினால் பின்னால் சல்லி, முகத்தில் ஓட்டைகள். ஓட்டை அசிங்கமாக இருக்கிறது என்று அடைத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். மண் வெட்டப் பெக்கோவைக் கூப்பிடுவதற்கு முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கேளுங்கள்.

7 பேர்ச் காணியில் மண்ணை வெட்டாமல் எங்கே கட்டுவது என்று கேட்பீர்கள். நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காணியைப் பங்கு போட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அதனால்தான் மழையை அளக்க ஒரு டின்னைப் பற்றிச் சொல்கிறேன். நேராக இருக்கிற பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள், கூரைத் தண்ணீர் விழாத இடமாக. இருபத்திநாலு மணி நேரத்தில் மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். நாலு அங்குலத்துக்கு மூட்டை கட்டுங்கள். ஆறு அங்குலம் வரை காத்திருக்க வேண்டாம். புது ஊற்று கிளம்பினாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ டின்னையும் பார்க்க வேண்டாம், வெளியேறிவிட்டு அனர்த்த அவசர இலக்கம் 117க்கு அழையுங்கள்.

அம்மா டின்னைக் கழுவி முற்றத்தில் வைத்தார். "இது ரொம்பினா எங்க போறது தம்பி?" கோயில் மண்டபத்தைக் கை காட்டினேன். காட்டிய பிறகுதான் பார்த்தேன், அதற்குப் பின்னாலும் வெட்டிய மண். கையை நகர்த்தி, எதிர் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டினேன்.