மறுசெயலாக்க ஆலையை ஏன் ஆறப்போட முடியாது?

மூடிய அணு உலையைச் சில பத்தாண்டுகள் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு பிரிப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. அங்கே பெருந்தொல்லை எஃகுக்குள்ளேயே உருவான கோபால்ட்-60. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டு. 50 ஆண்டு விட்டால் எழுநூறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுசெயலாக்க ஆலையில் இந்தக் கணக்கு செல்லாது. புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் சுமார் 24,000 ஆண்டு. புளூட்டோனியம்-241 சீக்கிரம் சிதையும், 14 ஆண்டுதான். ஆனால் சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அதன் அரை ஆயுள் 432 ஆண்டு, கூடவே ஊடுருவும் காமா கதிரும் வீசும். புளூட்டோனியம் படிந்த குளவ் பாக்ஸ் (கையுறை பொருத்திய வேலைப் பெட்டி), ஆலையை மூடிய நாளைவிட 20 ஆண்டு கழித்துத்தான் கைக்கு அதிகக் கதிர்வீச்சு தரும். அதற்குள் கேஸ்கட் நைந்திருக்கும், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ஆகவே பம்புகளும் ஆவியாக்கிகளும் ஓடும்போதே தொட்டிகளையும் குழாய்களையும் அலசிவிட வேண்டும். முதலில் நைட்ரிக் அமிலம், பல முறை. புளூட்டோனியம் போதிய அளவு இறங்கியது மாதிரிச் சோதனையில் தெரிந்த பிறகே காரக் கரைசல். அவசரப்பட்டுக் காரத்தை விட்டால் புளூட்டோனியம் வீழ்படிவாகித் தொட்டியின் அடியில் சேரும். ஓரிடத்தில் குவிந்தால் அணுப்பிளவுத் தொடர்வினை அபாயம். புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படும் டிரைபியூட்டைல் பாஸ்பேட் கரைப்பானும் அமிலத்தோடு சூடாக்கப்படக் கூடாது. 1993இல் ரஷ்யாவின் டாம்ஸ்க்-7 ஆலையில் தொட்டி வெடித்தது கரைப்பானும் நைட்ரிக் அமிலமும் வினைபுரிந்துதான்.

ஆலையைப் பிரிக்கும் வேலையின் அளவுக்கு பெல்ஜியத்தின் யூரோகெமிக் மறுசெயலாக்க ஆலை நல்ல உதாரணம். எரிபொருளைப் பதப்படுத்தியது 1966 முதல் 1974 வரை, எட்டே ஆண்டு. பிரதான கட்டடத்தை 1989 வாக்கில் பிரிக்கத் தொடங்கி 2014இல்தான் தரைமட்டமாக்கினார்கள். 80 மீட்டர் நீளக் கட்டடம், 106 செல்கள் (கருவிகள் இருக்கும் கான்கிரீட் அறைகள்), சுமார் 1,500 டன் உலோகம், சுரண்ட வேண்டிய கான்கிரீட் பரப்பு மட்டும் 55,000 சதுர மீட்டர்.

செல்லுக்குள் குழாயை வெட்டுமுன் அதன் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் சரிவு இருக்கும். நிஜத்தில் குழாய் தொய்ந்து, அங்கே அரை லிட்டர் அமிலம் தேங்கியிருக்கும். வெட்டியதும் இரு முனைகளையும் உடனே மூட வேண்டும். பிளாஸ்மாவால் வெட்டுவது வேகமானது, ஆனால் புகை நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் ரம்பமும் ஹைட்ராலிக் கத்தரியும்தான் நமக்கு உகந்தவை. வெட்டிய விளிம்பு காற்றழுத்த உடையையும் தோலையும் கிழித்தால் ஆல்ஃபா கதிர் வீசும் புளூட்டோனியம் போன்ற மாசு நேரே ரத்தத்துக்குப் போகும். வெட்டியவுடன் விளிம்பை மழுக்கவோ உறையிடவோ செய்வது இதனால்தான்.

கான்கிரீட் இன்னும் ஏமாற்றும். தரையில் பதித்த ஸ்டெயின்லெஸ் தகட்டின் வெல்டிங் விரிசல் வழியே கரைசல் கீழே இறங்கியிருக்கும். சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்களை ஒட்டியும் ஊறியிருக்கும். சில மில்லிமீட்டர் சுரண்டுவது, அளப்பது, மறுபடி சுரண்டுவது என்றே போகும். பழைய பெயின்ட்மேல் ஆல்ஃபா மீட்டர் சுழி காட்டினால் நம்பாதீர்கள்: ஒரு பூச்சு பெயின்ட் போதும், ஆல்ஃபா வெளியே வராது. பீட்டா கருவியால் பார்க்க வேண்டும், சந்தேகமான இடத்தில் கான்கிரீட்டைத் துளையிட்டு எடுக்க வேண்டும்.

காற்றோட்ட அமைப்பை இடையில் தொடவே கூடாது. மாசு வெளியே வராதிருக்க, காற்று எப்போதும் வராண்டாவிலிருந்து செல்லை நோக்கியே பாய வேண்டும். சுவர்கள் அளந்து விடுவிக்கப்பட்ட பிறகே அந்தக் காற்றுக் குழாய்களின் முறை வரும்.