சோலார் செல்: சூரிய மின்கலம்

சோலார் செல்: வெளிச்சம் பட்டதும் நேரடியாக மின்சாரம் தரும் மெல்லிய தகடு. பெரும்பாலும் சிலிக்கானால் ஆனது. தமிழில் சூரிய மின்கலம்.

'சோல்' என்றால் லத்தீனில் சூரியன். 'செல்லா' என்றால் சிற்றறை. 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்த குட்டிக் குட்டி அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தார். பின்னால் மின்சாரக்காரர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வேதிக் கரைசலும் இரண்டு மின்முனைகளும் உள்ள ஒரு பாத்திரம் செல். பல செல்கள் சேர்ந்தால் பேட்டரி. 1839-ல் எட்மண்ட் பெக்கரல், ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதைக் கண்டதும் கரைசலில் மூழ்கிய மின்முனைகளில்தான். ஆகவே அன்றைக்கு அந்தப் பெயர் சரியாகவே பொருந்தியது. 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல்லில் கரைசலும் இல்லை, அறையும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் கலம் என்பது பாத்திரம்: உண்கலம், மட்கலம். மின்கலம் அந்த வழியில் வந்த நல்ல சொல். ஆனால் கலம் என்றதும் எதையோ நிரப்பி வைத்திருப்பதாக மனம் நினைத்துக்கொள்கிறது. டார்ச்சில் போடும் மின்கலம் அப்படித்தான். சூரிய மின்கலம் எதையும் சேமிக்காது. வெளிச்சம் போனால் மின்சாரமும் போச்சு. ஒளிமின்கலம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாடநூல்களில் வேறொரு கருவிக்கு, ஒளிபட்டு எலக்ட்ரான் உமிழும் வெற்றிடக் குழலுக்கு, வழங்கிவரும் பெயர். அதைக் கலக்காமல் இருப்பதே நல்லது. பல மின்கலங்களைக் கோத்து, கண்ணாடி போட்டு மூடியது சூரியப் பலகை, அதாவது பேனல்.

இணையத்தில் மலிவாக வாங்கும்போது இந்த வேறுபாடுகள் பணமாகவே மாறுகின்றன. ஒரு சிலிக்கான் மின்கலம் எவ்வளவு பெரியதானாலும் 0.6 வோல்ட்டை ஒட்டித்தான் தரும். "12 வோல்ட் செல்" என்று போட்டிருந்தால் அது பலகை, அல்லது பொய்.

அடுத்து, விற்பவர்கள் போடும் 'ஏ கிரேடு'. கிரேடுக்குத் தமிழில் தரம். கண்ணுக்குத் தெரியும் குறை இல்லாமல், சொன்ன மின்திறனும் தருவது ஏ. கறை, ஓரச் சிதைவு மாதிரி குறைகள் இருந்தும் ஓரளவு சரியாக வேலை செய்வது பி. திறனே குறைந்தது சி. தொழிற்சாலைகளில் பிரித்துப் போடும்போது இதற்கு அர்த்தம் உண்டு. முகம் தெரியாத விற்பனையாளர் எழுதும் 'ஏ'வை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

வாட் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். பலகையிலும் மின்கலத்திலும் எழுதும் வாட், உச்ச வாட்: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, 25 டிகிரி செல்சியஸ் என்ற சோதனை நிலையில் கிடைப்பது. இதை வைத்து அளவுகோலாலேயே பொய்யைப் பிடிக்கலாம். 52 மி.மீ.க்கு 76 மி.மீ. துண்டு ஒன்றின் பரப்பு சுமார் 40 சதுர செ.மீ. அதன்மேல் விழும் ஒளி சுமார் 4 வாட். 18 சதவீதம் மின்சாரமானால் 0.7 வாட். இதையே 2 வாட் என்று விற்றால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நகர்ந்துவிடலாம். ஏ4 தாள் அளவில் 100 வாட் பலகை என்பது இன்னும் மோசம். அந்தத் தாளின்மேல் விழும் ஒளியே 62 வாட்தான்.

பொருள் கைக்கு வந்தபின் பலரும் மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து, 0.5 காட்டினால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். விற்பவர் போடும் வீடியோவிலும் அதுதான் இருக்கும். பாதி உடைந்த துண்டும் அதே 0.5-ஐக் காட்டும் என்பதை அந்த வீடியோ சொல்லாது. தரத்தைச் சொல்வது மின்னோட்டம். மீட்டரை 10 ஆம்பியர் நிலைக்கு மாற்றி, உச்சி வெயிலில் மின்கலத்தின் முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, இரு முனைகளையும் நேரடியாக மீட்டரில் இணைத்துப் பாருங்கள். பேட்டரியில் இப்படிச் செய்யவே கூடாது. சூரிய மின்கலத்துக்கு இதனால் கேடில்லை. நல்ல வெயிலில் சதுர செ.மீ.க்கு 30 முதல் 40 மில்லியாம்பியர் எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன துண்டுக்கு அது 1.2 ஆம்பியருக்கு மேல். 156 மி.மீ. முழுச் சதுரம் 8 ஆம்பியரை ஒட்டி வரும், அதனால் சின்ன மீட்டரில் சட்டென்று பார்த்து எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் சுமை சோதனை. அதே சின்னத் துண்டில் 0.47 ஓம் மின்தடையை இணைத்து, வெயிலில் அதன் குறுக்கே வோல்ட் பாருங்கள். நல்லது 0.4-க்கு மேல் நிற்கும். உள்ளே மின்கசிவோ, மேலே ஓடி மின்சாரத்தைச் சேர்க்கும் வெள்ளிக் கோடுகளில் அறுப்போ இருந்தால் மளமளவென்று விழும். வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள்: கசிவுள்ள மின்கலத்தில் அங்கே வோல்ட் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்து காட்டும்.

இந்தத் தகடுகளின் தடிமன் 0.2 மி.மீ. அளவுதான். தபாலில் வரும்போதே மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம், வெறும் கண்ணுக்கு எளிதில் சிக்காது. சாய்வான வெளிச்சத்தில், வெள்ளிக் கோடுகள் ஓடும் இடங்களைப் பொறுமையாகப் பார்த்தால் சில தெரியும். ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் அதன் பின்புறம் பென்சிலால் லேசாகக் குறித்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்தால் மிகப் பலவீனமான மின்கலம் தரும் அளவுக்குத்தான் மொத்த வரிசையும் தரும். மற்றவை தள்ளும் மின்சாரத்தில் அது சூடேறிக் கருகவும் கூடும். ஒத்துவராத துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு சால்டரிங்கைத் தொடங்குங்கள்.