எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நமக்கும் ஆகாதா?

"எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சாம் சார், ஒண்ணும் ஆகலையாம். அப்புறம் என்ன பயம்?" மண்டபம், பாம்பன் பக்கம் மூலிகைச் சாறும் சூரணமும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். மூலிகைச் சாறுகளை விலங்குகளுக்குக் கொடுத்து நச்சுத்தன்மை பார்ப்பது என் வேலை. அந்த 'ஒண்ணும் ஆகலை' என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லியாக வேண்டும்.

அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்க்கும் சோதனை. இரவு முழுக்கப் பட்டினி போட்ட பெண் எலியை எடை போடுவோம். 180 கிராம் இருந்தால், கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கணக்கில் 360 மில்லிகிராம் சாற்றைத் தண்ணீரில் கலந்து, முனை உருண்டையாக இருக்கும் வளைந்த ஊசியால் நேரே இரைப்பையில் இறக்குவோம். முதல் அரை மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. ரோமம் சிலிர்க்கிறதா, உடம்பு நடுங்குகிறதா, எச்சில் வடிகிறதா, மூலையில் சுருண்டு கிடக்கிறதா என்று பார்த்தபடியே இருப்போம். அப்புறம் 14 நாள் தினமும் கவனிப்பு. ஒரு சுற்றுக்கு மூன்று எலிகள்தான். எதுவும் சாகவில்லை என்றால் இன்னும் மூன்றில் உறுதி செய்வோம்.

இதிலிருந்து தெரிவது, அந்தச் சாறு உடனே கொல்லும் கடும் விஷம் இல்லை என்பது மட்டும்தான். குமட்டுமா என்றுகூடச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் எலியால் வாந்தி எடுக்க முடியாது. தினமும் குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியாக உண்டு. அதில்தான் இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்போம்.

நம் கரிசல் காட்டில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அதை எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்தபோது வயிற்றில் புற்றுக்கட்டிகள் வந்தன. 1980களின் தொடக்கத்திலேயே இது தெரிந்து, ஜெர்மனியில் அந்த அமிலம் சேர்ந்த மருந்துகளை விலக்கினார்கள். ஆனாலும் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி மாத்திரையில் கலந்துவிட்டிருந்தது. எலிகள் எச்சரித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். உயிரைக் கொடுத்து ஒரு விலங்கு சொன்ன சேதியை நாம் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் அந்தச் சோதனையே பாவம்.

செடி எது என்று தாவரவியல் தெரிந்தவர் உறுதி செய்யாத சாற்றுக்கு எலியைத் தொடவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் செய்யவும் கூடாது.

கடற்கரையில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்ட இடத்தில் அடப்பங்கொடி இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள். தோலில் தேய்த்தது ஒத்துக்கொண்டது என்பதால் அதையே காய்ச்சிக் குடிக்கலாம் என்று ஆகிவிடாது. தோலுக்குச் சோதனை வேறு, வயிற்றுக்கு வேறு. சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறும் வீட்டில் போடும் கஷாயமும்கூட ஒன்றல்ல. தண்ணீரில் இறங்காத சத்தும் நஞ்சும் சாராயத்தில் இறங்கும்.

அளவிலும் ஏமாறாதீர்கள். எலிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கை அப்படியே நம் எடையால் பெருக்கக் கூடாது. நீண்ட நாள் சோதனையில் எந்தக் கெடுதலும் காட்டாத அளவை எடுத்து, முதலில் 6.2ஆல் வகுத்து, அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்துத்தான் மனிதர்களிடம் ஆய்வையே தொடங்குவார்கள்.

மாதக்கணக்கில் ஏதாவது பொடியோ சாறோ குடித்து வருகிறீர்களா? சரி, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு தடவை இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாத பொட்டலம் என்றாலும் பரவாயில்லை, அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.