கடையைப் பூட்டிய பிறகு லைட் எத்தனை மணி வரை எரியலாம்? பிரான்ஸ் விதி இதுதான்

கடையைப் பூட்டிவிட்டு ஷோகேஸ் லைட்டையும் பெயர்ப்பலகையையும் எரியவிட்டே வீட்டுக்குப் போகிற பழக்கம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் மட்டுமில்லை, பாரிஸ் முழுக்க உண்டு. ஆனால் பிரான்ஸில் இதற்கு நேரக்கட்டுப்பாடு இருக்கிறது. 2013 ஜூலையிலேயே வந்துவிட்டது, 2018 டிசம்பர் அரசாணை அதை இன்னும் விரிவாக்கியது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே கடைக்குள் மூன்று விதமான லைட்டுக்கும் தனித்தனி நேரம். இரவு 9 மணிக்கு மூடும் பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எரியும் லைட்டை 10 மணிக்குள் அணைக்க வேண்டும், அதாவது ஆட்கள் வெளியேறி ஒரு மணி நேரத்துக்குள். தெருவைப் பார்த்த ஷோகேஸ் லைட் மட்டும் 1 மணி வரை எரியலாம், திரும்பப் போடுவது காலை 7 மணிக்கு மேல்தான், கடை அதற்கு முன்பே திறக்கும் என்றால் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போடலாம். பெயர்ப்பலகை இரவு 1 முதல் காலை 6 வரை எரியக் கூடாது. இதுவே இரவு 2 மணி வரை நடக்கும் சாப்பாட்டுக் கடை என்றால் ஷோகேஸுக்கும் பலகைக்கும் 3 மணி வரை நேரம் உண்டு.

மினுக்கும் பலகை வேண்டவே வேண்டாம். மருந்துக் கடை, அவசர சேவை தவிர மற்ற யாருக்கும் எந்த நேரத்திலும் அனுமதி இல்லை. கலர் கலராக ஓடும் எல்இடி போர்டை வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை, விளம்பர விதியை மீறினால் 1,500 யூரோ வரை அபராதம் வரலாம். 2024 ஜனவரியிலிருந்து இந்தப் பலகை விவகாரம் மேயர் கையில் இருக்கிறது, சில இடங்களில் ஊர்க் கூட்டமைப்பின் தலைவர் கையில். சில ஊர்களில் விளம்பரத்துக்கென்றே தனி உள்ளூர் விதி உண்டு, அது இன்னும் கடுமையாக இருக்கலாம், அதனால் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே மேரியில் (நகராட்சி அலுவலகம்) கேட்டுவிடுங்கள்.

திருட்டுப் பயம் என்று சொல்பவர்கள் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் சென்சார் லைட் போடலாம். விடிய விடிய எரியும் லைட்டைவிடத் திடீரென்று எரிவதுதான் கண்ணில் படும் என்பது என் எண்ணம்.

வெளிப்புற லைட் புதிதாகப் போடுகிறீர்களா? 2020 முதல் சாலை, நடைபாதை, பார்க்கிங் போன்ற இடங்களுக்குப் போடும் லைட் 3,000 கெல்வினைத் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு, பெட்டியில் 'கே' என்று இருக்கும்) தாண்டக் கூடாது, வெளிச்சம் தரையைப் பார்த்தே விழ வேண்டும். பெட்டியில் 6,500 கே என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள், அந்த வெள்ளையில் நீலம் அதிகம், நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது.

தெருவிளக்கு வேறு கதை. எரிய விடுவதா, நள்ளிரவில் அணைப்பதா என்று முடிவெடுப்பது மேயர். பல சிற்றூர்களில் அணைத்தும் விடுகிறார்கள்.

சரி, பக்கத்துக் கடை லைட் உங்கள் படுக்கையறைக்குள் விழுகிறது, பேசியும் கேட்கவில்லை, என்ன செய்வது? தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து மேரிக்குக் கடிதம் எழுதுங்கள். மேரியின் சொந்த லைட்டே தொல்லை என்றால் அரசு சார்பில் பிரிஃபெக்ட் (மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி) பார்க்க வேண்டும். நேரில் போய்ச் சோதிப்பது குறைவு என்பது உண்மைதான். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கூர் (சுவர், தடை தாண்டி ஓடும் விளையாட்டு) பையன்கள் சுவரில் எகிறி, தீயணைப்பு வீரர்களுக்காக வெளியே வைத்திருக்கும் சுவிட்சைத் தட்டிக் கடைப் பலகைகளை அணைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் கடிதமே எழுதுங்கள்.