சுவரில் தொங்குவது உரிமம் அல்ல

என் மனநல ஆலோசனை அறைக்கு முதல்முறை வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒரு பட்டச் சான்றிதழும் ஒரு சங்கத்தின் உறுப்பினர் சான்றிதழும் தொங்கிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகம் கொடுத்தது மங்கலாக இருக்கும். சங்கம் கொடுத்ததில் பொன்னிற முத்திரை பளபளக்கும். எல்லோருடைய கண்ணும் முத்திரையில்தான் போய் நிற்கும்.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அதற்கு முன் நான்கு மாதம் வேறொரு ஆலோசகரிடம் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் தன் காதல் விவகாரத்தை நம்பிச் சொல்ல, அன்றிரவே அந்த ஆலோசகர் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். கேட்டபோது, "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாராம்.

அம்மா கைப்பேசியில் அவருடைய சான்றிதழைப் படம் எடுத்து வைத்திருந்தார். "மேடம், பதிவு எண்ணெல்லாம் இருக்கிறதே, இவருடைய லைசென்ஸை ரத்து செய்ய முடியாதா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். அது உறுப்பினர் எண். அந்தச் சங்கத்துக்கே போன் செய்தோம். இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை, ஆகவே அவர் எங்கள் உறுப்பினர் இல்லை, புகாரை ஏற்க இயலாது என்றார்கள். சந்தா கட்டியிருந்தால்? அதிகபட்சம் நீக்கியிருப்பார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல அறையைத் திறந்து உட்கார்ந்திருப்பார். பெயர்ப் பலகையில் ஒரு வரி குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவ உளவியலாளர்கள், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய், பல இடங்களில் இன்று ஒரு அமர்வின் கட்டணம்கூட இல்லை.) முதுகலை ஆலோசனை உளவியல் படித்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்களையும் சிலவகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன்படி ஒரு பதிவு எண் இன்னும் என் கைக்கு வரவில்லை.

வெளிநாட்டில் இதெல்லாம் கறாராக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் 'கவுன்சலர்', 'சைக்கோதெரபிஸ்ட்' என்று பலகை மாட்டலாம். 2007இல் அரசு இவர்களைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரத் திட்டமிட்டு, 2011இல் கைவிட்டது. அங்கே இருப்பவையும் விரும்பியவர் மட்டும் சேரும் தன்னார்வப் பதிவேடுகள்தான். ஒரு வித்தியாசம்: அந்தப் பதிவேடுகளைச் சோதித்து அங்கீகரிக்கத் தனி அமைப்பு உண்டு.

அப்படியானால் உறுப்பினராவதே வீணா? இல்லை. சேர்ப்பதற்கு முன் என்ன கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்த பயிற்சி மணிநேரத்தைக் கணக்குக் கேட்கும் சங்கமும் உண்டு, கட்டண ரசீதை மட்டும் கேட்கும் சங்கமும் உண்டு. எனக்கு முத்திரை கொடுத்தவர்கள் பட்ட நகலும் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் கூரியரில் சான்றிதழ் வந்தது. உன் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதம் இருமுறை அடையாறில் ஒரு மூத்த உளவியலாளரிடம் என் கைப்பணம் கொடுத்து நான் பெறும் மேற்பார்வைக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

ஆகவே சுவரை விட்டுவிட்டு ஆளைக் கேளுங்கள். என்ன படித்தீர்கள், நேரடி வகுப்பா, வார இறுதிப் பயிலரங்கா? உங்களுக்கு மேற்பார்வையாளர் உண்டா? உங்கள் மேல் புகார் இருந்தால் எங்கே போவது? மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டு இணையதளத்தில் சரிபாருங்கள். 'டாக்டர்' என்றிருந்தால் எம்.பி.பி.எஸ்.ஸா, முனைவர் பட்டமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் இரண்டும் இல்லை. ஆனாலும் பாதிப்பேர் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் மனதைத் திறக்க வேண்டாம்.

அந்தப் பெண் இரண்டாம் அமர்வில்தான் வாய் திறந்தாள். "நான் சொல்வதை நீங்கள் யாரிடமெல்லாம் சொல்வீர்கள்?"

பெயர் சொல்லாமல் மேற்பார்வையாளரிடம். உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் வீட்டில், அதுவும் உன்னிடம் சொல்லிவிட்டு. இதைச் சொன்னதும், "எழுதிக் கொடுங்கள்" என்றாள். லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டேன். நான்காக மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டாள். அவள் போனதும் முத்திரைச் சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.