தலைக்கு ஓர் அணை

கென்யாவின் கடற்கரைப் பகுதியில் பாங்கா யா சைதி என்று ஒரு குகை. அங்கே சுமார் 78,000 ஆண்டுகளுக்கு முன், மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். குழி வெட்டி, முழங்காலை மடக்கி, தூங்குவதுபோல் ஒருக்களித்துப் படுக்கவைத்து மண் மூடியிருக்கிறார்கள். மண்டையோடு சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், மட்கிப்போகும் ஏதோ ஒரு பொருளைத் தலைக்கு அணையாக வைத்திருக்கலாம் என்கிறது 2021-ல் வெளியான ஆய்வு.

பழங்கால அடக்கங்களை ஆராயும் இந்தத் துறையில் அவசரப்பட்டு ஏமாந்ததும் உண்டு. ஈராக்கின் ஷானிதார் குகையில் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்த ஓர் எலும்புக்கூட்டைச் சுற்றி மகரந்தம் கிடைத்ததும், பூப்போட்டு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கொண்டாடினார்கள். வளை தோண்டும் பிராணிகளோ தேனீக்களோ கொண்டுவந்திருக்கலாமே என்று பின்னால் கேள்வி வந்தது. சரி, குழந்தையின் தலைக்கு எலி அணை வைக்காது.

உடலை அப்புறப்படுத்த மட்டும் என்றால் அணை எதற்கு? பதிலை மூளையின் ஒரு பழக்கத்தில் தேடலாம். கையில் கட்டிய கடிகாரத்தின் அழுத்தம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகிறது அல்லவா? மாறாமல் வரும் செய்தியை நரம்பு மண்டலம் கண்டுகொள்வதில்லை. கூடவே வாழ்பவர் விஷயத்திலும் ஏறக்குறைய இதுதான். இத்தனை மணிக்கு வருவார், இப்படித்தான் இருமுவார் என்று மூளை முன்பே கணித்துவிடுகிறது. கணிப்பு பலிக்கும்வரை கவனம் அந்தப் பக்கம் திரும்பாது. அவர் இறந்த பிறகும் கணிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கதவுச் சத்தம் கேட்டால் அவர்தான் என்று தலை திரும்பும். அது பொய்க்கும் ஒவ்வொரு முறையும், அதுவரை கண்ணில் படாத மனிதர் முழுசாகத் தெரிகிறார்.

எப்போது கூடுவது, யார் பேசுவது என்பதையெல்லாம் இறுதிச் சடங்கே முடிவு செய்துவிடுகிறது. இறந்தவரைப் புகழ யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவரைப் புகழ அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது, நாமாகத்தான் வாயைத் திறக்க வேண்டும். அங்கே இன்னொரு தப்புக் கணிப்பு குறுக்கே வருகிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சிலரை நன்றிக் கடிதம் எழுதவைத்து, படிப்பவர் என்ன நினைப்பார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். அப்புறம் படித்தவர்களையே கேட்டார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடம் இல்லை, மகிழ்ச்சியோ எதிர்பார்த்ததைவிட அதிகம். வார்த்தை சரியாக அமைந்ததா என்று எழுதியவர்கள் தவித்தார்கள். படித்தவர்கள் அதிலிருந்த அன்பைத்தான் பார்த்தார்கள்.

கடிதத்தை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால்? உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் இதைச் சோதித்தது. போய் வந்தவர்களின் மனம் சட்டென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சி ஒரு மாதம் நின்றது. மூன்றாம் மாதம் பார்த்தால் பழைய நிலைதான். அங்கேயும் கடிகாரக் கதை போலிருக்கிறது.