கேட்டால் வெட்டுப்படாது, அம்மா

போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் அம்மா எங்கள் பிரதேச செயலகத்துக்கு வந்திருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வங்கிப் புத்தகம், ஐசி (அடையாள அட்டை), 2009 இல் போர் முடிந்த காலத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் கொடுத்த நிவாரண அட்டை. அந்த அட்டை எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும் பிள்ளை, கேட்டாலும் கேப்பியள்" என்கிறார்.

ஏழு மாதமாக அஸ்வெசும காசு, அதுதான் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் வங்கியில் போடும் உதவிக் காசு, விழவில்லையாம். "ஏனம்மா இவ்வளவு நாளும் வரேல்லை?" என்றேன். பக்கத்து மேசையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வந்து கேட்டா பேரையே வெட்டிப்போடுவினம் எண்டு சொன்னவை."

இந்தப் பதிலை அந்த மாதத்தில் மட்டும் ஆறு பேரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பெயர் வெட்டுப்படவே இல்லை. கணக்கிலக்கத்தில் ஒரு எண் பிசகு, அவ்வளவுதான். சொல்ல நாங்கள் கோல் எடுத்திருக்கிறோம். அவர் சிம்மை மாற்றியிருக்கிறார். படிவம் நிரப்பி, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுக்கக் கால் மணித்தியாலம். 2025 ஜனவரியிலிருந்து வறியவர் பிரிவுக்கு மாதம் 10,000 ரூபாய். ஏழு மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சரி, இந்த 'வெட்டுற' கதைக்கு வருவோம். 2023 இல் வீடு வீடாக வந்து கேட்டார்களே: படிப்பு, நோய், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று ஆறு விடயங்களில் 22 அளவுகோல்கள். அந்தப் பதில்களுக்கு விழும் புள்ளியை வைத்துத்தான் குடும்பங்களைப் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கு நடப்பது விதானையாரின் (கிராம அலுவலரின்) மேசையில் இல்லை, என்னுடைய மேசையிலும் இல்லை. "காசு ஏன் விழேல்லை?" என்று கேட்டதற்காக ஒருவரின் பெயரைத் தூக்க இங்கே ஒரு வழியும் கிடையாது. விதானையாரோடு வேலிச் சண்டை போட்டாலும் புள்ளி மாறாது. போன வருடம் கோயில் திருவிழாவில் அவரோடு முறுகியதாலும் மாறாது. (இதையும் ஒருவர் காரணமாகச் சொன்னார்.) வீட்டு வருமானம் உண்மையிலேயே கூடிவிட்டால் பிரிவு மாறலாம், அது வேறு கதை.

பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அட்டையில் பெயர் இல்லாவிட்டால் அரிசி இல்லை என்று வரிசையில் நின்ற சனம் இது. எங்கள் பக்கமும் "நாளைக்கு வாங்கோ" என்று இரண்டு பஸ் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அது பிழைதான்.

ஆனால் எனக்கு விளங்காதது ஒன்று. கோப்பு வைத்திருக்கிற எங்களிடம் வாய் திறக்காதவர்கள், முகம் தெரியாத ஒருவன் போனில் "அஸ்வெசும ஒபீஸிலயிருந்து கதைக்கிறம், நிலுவைக் காசு வந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்றதும் ஓரிபியை, அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் அந்த இரகசிய நம்பரை, ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டுகிறார்கள். ஐயா, அந்த நம்பர்தான் உங்கள் கணக்கின் திறப்பு. நாங்கள் ஓரிபி கேட்கமாட்டோம், பின் நம்பர் கேட்கமாட்டோம், காசு அனுப்பக் காசும் கேட்கமாட்டோம். சந்தேகம் வந்தால் போனை வையுங்கள். பிறகு விதானையாரிடம் கேளுங்கள், அல்லது 1924 க்கு எடுங்கள். தமிழிலேயே கதையுங்கள், வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ்.

ஏரிஎம் காட்டைக் கடைக்காரரிடம் கடனுக்கு ஈடாகக் கொடுத்து வைத்திருப்பவர்கள் நாளைக்கே போய் வாங்குங்கள். பின் நம்பரையும் மாற்றுங்கள். காட்டின் பின்பக்கத்தில் பேனையால் எழுதி வைப்பதை எத்தனை தரம் சொல்லியும் நிறுத்துகிறீர்கள் இல்லை.

கணக்கு யாருடைய பெயரில் இருந்ததோ அவர் தவறிவிட்டால், அந்தியேட்டி முடிந்ததும் மரணப் பதிவோடு வாருங்கள். ஒளித்து எடுத்துக்கொண்டிருந்தால் பிறகு கேள்வி வரும்போது பதில் சொல்லப்போவது உங்கள் பிள்ளைகள்தான். விலாசம் மாறினாலும், பழைய ஐசி புதிய 12 இலக்கமாக மாறினாலும் அறிவியுங்கள். தெரிவாகாததற்குக் காரணம் வேண்டுமா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்கலாம். அதற்கும் ஒருவரும் கோபிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முதல், போன் நம்பர். சிம் மாறினால் தயவுசெய்து சொல்லுங்கள். சொந்த போன் இல்லையா, பேரப்பிள்ளையின் நம்பரைத் தாருங்கள்.

அந்த அம்மாவும் பேரனின் நம்பரைத்தான் தந்துவிட்டுப் போனார். போன வெள்ளிக்கிழமை கணக்குச் சரியாகிவிட்டதென்று சொல்ல எடுத்தேன். "அஸ்வெசும விசயமா..." என்று தொடங்கவே, "ஓரிபி சொல்லமாட்டன்" என்று பொடியன் பட்டென்று வைத்துவிட்டான். விதானையாரைப் பிடித்துத்தான் செய்தியை அனுப்பினேன்.